ஜேம்ஸ் வெப் பெருவெடிப்பைப் பொய்யாக்கிவிட்டதா? அகச்சிவப்புத் தொலைநோக்கிகள் உண்மையில் எதைப் பார்க்கின்றன

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் முதல் படங்கள் 2022 ஜூலையில் வெளிவந்தன. அடுத்த சில வாரங்களிலேயே "பெருவெடிப்பு நடக்கவே இல்லை, வெப் நிரூபித்துவிட்டது" என்ற பேச்சு இணையமெங்கும் ஓடியது. மறுவருடம், பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு இல்லை, 2,670 கோடி ஆண்டு என்று ஒரு ஆய்வுக் கட்டுரை வந்து தலைப்புச் செய்தியானது. அதற்கப்புறம் "இருக்கவே கூடாத கேலக்ஸிகள்", "யாருக்கும் விளங்காத சிவப்புப் புள்ளிகள்", "மறுபடியும் முறிந்த தூர சாதனை" என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன. இதையெல்லாம் விடாமல் படிக்கிறவர்களுக்குக் குழப்பம் வருவதில் ஆச்சரியமில்லை. வெப் பார்ப்பது பிரபஞ்சத்தின் தொடக்கத்தையா? பார்த்ததில் எது உறுதியானது, எது இன்னும் ஊகம்? அடிப்படையிலிருந்து ஆரம்பித்தால் இரண்டுக்கும் தெளிவான பதில் இருக்கிறது.

## அகச்சிவப்பு என்பது என்ன

ஒளி ஓர் அலை. அதன் அலைநீளத்தை மைக்ரானில் அளப்பார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய 0.4 மைக்ரானிலிருந்து (ஊதா) 0.7 மைக்ரான் வரை (சிவப்பு) மட்டும். 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, ஒளியே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானியிலும் வெப்பம் ஏறியது. அதுதான் அகச்சிவப்பு: 0.7 மைக்ரானில் தொடங்கி 1,000 மைக்ரான் வரை நீளும் மிகப் பெரிய பரப்பு. கண்ணுக்குத் தெரியும் பகுதி இதன் பக்கத்தில் ஒரு மெல்லிய கீற்றுதான்.

வெப்பம் உள்ள எந்தப் பொருளும் ஒளிரும். எவ்வளவு சூடோ அவ்வளவு குறுகிய அலைநீளம். 2,898 என்ற எண்ணைப் பொருளின் வெப்பநிலையால் (கெல்வினில், அதாவது செல்சியஸோடு 273 கூட்டினால் வருவது) வகுத்தால், அது எந்த அலைநீளத்தில் அதிகம் ஒளிர்கிறது என்பது மைக்ரானில் கிடைத்துவிடும். சூரியன் சுமார் 5,800 கெல்வின், ஆகவே 0.5 மைக்ரான். மனித உடலும் அறையின் சுவரும் 300 கெல்வினை ஒட்டி இருப்பதால் 10 மைக்ரான் அளவில் ஒளிர்கின்றன. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தொலைநோக்கியை ஏன் அவ்வளவு குளிரவைக்கிறார்கள் என்பது இதிலிருந்துதான் புரியும்.

## பழைய ஒளி ஏன் அகச்சிவப்பாகிறது

தொலைவில் பார்ப்பது என்றால் பழையதைப் பார்ப்பது, ஒளி வந்துசேர நேரமாகும் என்பதால். இது பலருக்கும் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாதது, வரும் வழியில் அந்த ஒளிக்கு என்ன ஆகிறது என்பது. ஒளி பயணிக்கும் காலம் முழுக்க விண்வெளியே விரிந்துகொண்டிருக்கிறது, அதோடு சேர்ந்து ஒளியின் அலைநீளமும் நீள்கிறது. நீளும்போது நிறம் சிவப்புப் பக்கம் நகர்வதால் இதைச் செம்பெயர்ச்சி என்கிறோம்.

வானியலாளர்கள் இதற்கு ஓர் எண் கொடுக்கிறார்கள். அந்த எண்ணோடு 1 கூட்டினால், ஒளி எத்தனை மடங்கு நீண்டிருக்கிறது என்பது தெரியும். செம்பெயர்ச்சி 1 என்றால் 2 மடங்கு, 14 என்றால் 15 மடங்கு. ஒரு கேலக்ஸியில் (நம் பால்வீதி போல விண்மீன்கள் கூட்டமாகச் சேர்ந்திருக்கும் அமைப்பு) புதிதாகப் பிறந்த பெரிய விண்மீன்கள் பெரும்பாலும் புற ஊதாவில்தான் ஒளிர்கின்றன. அந்த 0.15 மைக்ரான் ஒளி செம்பெயர்ச்சி 14-லிருந்து கிளம்பினால் நம்மிடம் 2.25 மைக்ரானாக வந்துசேரும். 0.5 மைக்ரானில் பச்சையாகக் கிளம்பியது 7.5 மைக்ரானாக வரும். கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் பிடிக்கும் கருவிக்கு அந்தக் கேலக்ஸி அறவே இல்லாதது போலத்தான்.

ஹப்பிள் தொலைநோக்கி 1.7 மைக்ரான் வரை பார்க்கும். அதன் வழியாகக் கிடைத்த மிகத் தொலைவான கேலக்ஸி, 2016-ல் அறிவிக்கப்பட்ட ஜிஎன்-இசட்11. பெருவெடிப்புக்குச் சுமார் 40 கோடி ஆண்டுகளுக்குப் பின் இருந்தது. அதற்கு அப்பால் ஹப்பிளுக்கு எட்டவில்லை. வெப் 0.6 மைக்ரானிலிருந்து 28 மைக்ரானுக்குச் சற்று மேல் வரை பார்க்கிறது. கண்ணாடி பெரியது என்பதைவிட இந்த அலைநீள எல்லைதான் வித்தியாசம் என்பேன், செய்திகளில் கண்ணாடிக்குத்தான் முக்கிய இடம் கிடைக்கிறது என்றாலும்.

அகச்சிவப்புக்கு இன்னொரு பலமும் உண்டு. விண்மீன்களும் கோள்களும் தூசி மேகங்களுக்குள்தான் பிறக்கின்றன. அந்தத் தூசித் துகள்கள் மிக நுண்ணியவை. குறுகிய அலைகளைச் சிதறடித்து மறைக்கும், நீண்ட அலைகளைப் பெரும்பாலும் கடந்துபோக விட்டுவிடும். அதனால் ஒரே மேகத்தைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பார்த்தால் கறுப்புச் சுவர், அகச்சிவப்பில் பார்த்தால் உள்ளே நூற்றுக்கணக்கான இளம் விண்மீன்கள்.

படங்களின் நிறம் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் "எல்லாம் வரைந்தது" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அகச்சிவப்புக்குக் கண்ணுக்குத் தெரியும் நிறம் கிடையாது என்பது உண்மை. ஆனால் நிறம் கொடுப்பதில் ஒழுங்கு உண்டு: பிடித்தவற்றில் குறுகிய அலைநீளத்துக்கு நீலம், நீண்டதற்குச் சிவப்பு. படத்தில் சிவப்பாகத் தெரிவது உண்மையிலேயே நீண்ட அலைகளில் அதிகம் ஒளிர்வது. இது அளவீடு, அலங்காரம் கிடையாது.

## "தொடக்கம்" என்று எதைச் சொல்கிறார்கள்

குழப்பத்தில் பாதி இந்த ஒரு சொல்லால் வருகிறது. பிரபஞ்சத்தின் ஆரம்ப காலத்தை இப்படி அடுக்கலாம்:

1. பெருவெடிப்பு. ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன். வெளி விரியத் தொடங்குகிறது. முதல் சில நிமிடங்களில் ஹைட்ரஜன், ஹீலியம், துளியூண்டு லித்தியம் ஆகியவற்றின் அணுக்கருக்கள் உருவாகின்றன.

2. முதல் 3.8 லட்சம் ஆண்டுகள். எல்லாம் சூடான மின்னூட்டக் கலவை. ஒளி நேராகப் போக முடியாது, எலெக்ட்ரான்களில் மோதி மோதித் திரியும். இந்தக் காலத்தை எந்த ஒளித் தொலைநோக்கியாலும், எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும், பார்க்க முடியாது.

3. ஒளி விடுபட்ட நேரம். வெப்பநிலை சுமார் 3,000 கெல்வினாக இறங்கியதும் எலெக்ட்ரான்கள் அணுக்கருக்களோடு சேர்கின்றன, வெளி தெளிகிறது. அப்போது கிளம்பிய ஒளி 1,100 மடங்கு நீண்டு இப்போது மில்லிமீட்டர் அளவு நுண்ணலையாக, 2.7 கெல்வின் வெப்பநிலையோடு எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. இதுதான் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு.

4. இருண்ட காலம். விண்மீன் எதுவும் இல்லை. ஹைட்ரஜன், ஹீலியம் வாயுக்கள் மட்டும் ஈர்ப்பால் மெல்லச் சேர்கின்றன.

5. முதல் விண்மீன்கள். கணினி மாதிரிகளின்படி பெருவெடிப்புக்குப் பின் 10 கோடி முதல் 20 கோடி ஆண்டுகளுக்குள்.

6. மறு அயனியாக்கம். விண்மீன்களின் புற ஊதா ஒளி, சுற்றியிருக்கும் ஹைட்ரஜனை மறுபடியும் உடைத்து அயனியாக்குகிறது. ஏறத்தாழ 100 கோடி ஆண்டு முடிவதற்குள் இது முழுமையடைகிறது.

வெப் வேலை செய்வது 5, 6 ஆகிய கட்டங்களிலும் அதற்குப் பிந்தைய காலத்திலும். முதல் நான்கும் அதன் எல்லைக்கு வெளியே. பெருவெடிப்புக்கான பெரிய சான்றுகளில் ஒன்று மூன்றாவது கட்டத்தின் நுண்ணலைப் பின்னணி. அதை அளந்தது 1989-ல் ஏவப்பட்ட கோபி செயற்கைக்கோளும், பிறகு டபிள்யூமேப், பிளாங்க் ஆகியவையும். கோபியின் அளவீட்டுக்காக ஜான் மேதரும் ஜார்ஜ் ஸ்மூட்டும் 2006-ல் நோபல் பரிசு பெற்றார்கள். அதே மேதர் பிறகு பல ஆண்டுகள் வெப் திட்டத்தின் தலைமை அறிவியலாளராக இருந்தார். பெருவெடிப்பின் சான்றை அளந்தவரே அடுத்த கட்டத்தைத் தேட வெப்பைக் கட்டினார் என்பது, இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

தூரம் பற்றி ஒரு சின்னக் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "1,350 கோடி ஆண்டு பயணித்த ஒளி" என்று ஒரு செய்தி சொல்லும், "3,300 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால்" என்று இன்னொன்று சொல்லும். இரண்டும் சரி. முதலாவது ஒளி பயணித்த காலம். இரண்டாவது, இடையில் வெளி விரிந்துவிட்டதால் அந்தக் கேலக்ஸி இருந்த பகுதி இன்று எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்ற கணக்கு.

## இவ்வளவு குளிர் எதற்கு

பூமியின் வளிமண்டலத்தில் உள்ள நீராவி அகச்சிவப்பின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. விழுங்காத இடங்களிலும் வளிமண்டலமே தன் வெப்பத்தால் ஒளிர்கிறது. தரையிலுள்ள தொலைநோக்கியும் அப்படியே: அதன் கண்ணாடி 10 மைக்ரானில் தானே பளிச்சென்று ஒளிரும் (முன்பு பார்த்த கணக்கு). அதை வைத்துத் தொலைதூரக் கேலக்ஸியைத் தேடுவது பட்டப்பகலில் விண்மீன் தேடுவது மாதிரி. அதனால்தான் விண்வெளிக்குப் போக வேண்டும், போனாலும் கருவியைக் குளிர்விக்க வேண்டும். ஹப்பிள் விண்வெளியில்தான் இருக்கிறது, ஆனால் அதன் கண்ணாடி அறை வெப்பநிலையில் வைக்கப்படுவதால் நீண்ட அகச்சிவப்புக்கு அது பயன்படாது.

ஆரம்பகாலத் தொலைநோக்கிகள் திரவ ஹீலியத்தைக் கொண்டுபோயின. 1983-ல் ஏவப்பட்ட ஐராஸ் பத்து மாதத்தில் வானத்தில் 96 சதவீதத்தை அளந்தது, வேகா விண்மீனைச் சுற்றித் தூசி வட்டு இருப்பதைக் காட்டியது. ஹீலியம் தீர்ந்தது, வேலை முடிந்தது. 1995-ல் ஐரோப்பாவின் ஐஎஸ்ஓ. 2003-ல் நாசாவின் ஸ்பிட்சர், கண்ணாடி வெறும் 85 சென்டிமீட்டர்தான், ஆனால் 2009 மே மாதம் ஹீலியம் தீர்ந்த பிறகும் குறுகிய அலைநீளங்களில் 2020 ஜனவரி வரை உழைத்தது. டிராப்பிஸ்ட்-1 விண்மீனைச் சுற்றும் ஏழு கோள்களை உறுதிசெய்ததில் அதற்குப் பெரிய பங்கு. 2009-ல் ஏவப்பட்ட ஹெர்ஷல் தொலைநோக்கி 3.5 மீட்டர் கண்ணாடியோடு மிக நீண்ட அகச்சிவப்பைப் பார்த்தது, 2013 ஏப்ரலில் அதன் ஹீலியமும் காலி.

வெப் இதிலிருந்து தப்பிக்கிற மாதிரி வடிவமைக்கப்பட்டது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, சூரியனுக்கு எதிர்ப்பக்கத்தில், இரண்டாம் லாக்ராஞ்சு புள்ளி என்ற இடத்தைச் சுற்றி அது இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் சூரியன், பூமி, நிலா மூன்றும் எப்போதும் ஒரே பக்கம். அந்தப் பக்கத்துக்கு ஒரு மறைப்பு போதும். ஐந்து அடுக்கு, 21 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம் உள்ள அந்த மறைப்பின் வெயில் பக்கம் தண்ணீர் கொதிக்கும் அளவை நெருங்கும், நிழல் பக்கத்தில் கண்ணாடி 50 கெல்வினுக்கும் கீழே, அதாவது பூஜ்யத்துக்குக் கீழே 220 டிகிரி செல்சியஸுக்கும் குறைவாக இருக்கும். நடு அகச்சிவப்பைப் பிடிக்கும் மிரி கருவிக்கு மட்டும் இதுவும் போதாது. அதை 7 கெல்வினுக்கும் கீழே கொண்டுபோக, ஒரே ஹீலியம் வாயுவைத் திரும்பத் திரும்பச் சுழற்றும் குளிர்விப்பான் இருக்கிறது. குளிர்விப்பதில் தீர்ந்துபோக எதுவும் இல்லை.

6.5 மீட்டர் கண்ணாடி 18 அறுகோணத் துண்டுகளால் ஆனது. பெரிலியத்தின் மேல் மெல்லிய தங்கப் பூச்சு, தங்கம் அகச்சிவப்பை மிக நன்றாகப் பிரதிபலிப்பதால். மொத்தத் தங்கம் 50 கிராம்கூட இல்லை. 2021 டிசம்பர் 25 அன்று ஏரியன் 5 ராக்கெட் மிகத் துல்லியமாக ஏவிவிட்டதால் வழியில் செலவாக வேண்டிய எரிபொருள் மிச்சமானது, 20 ஆண்டுகளுக்கு மேல் இயங்கப் போதும் என்று கணக்கிடுகிறார்கள்.

## தூரத்தை எப்படிச் சொல்கிறார்கள்: முக்கியமான இடம் இதுதான்

கட்டுரையில் வேறெதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வையுங்கள். ஒரு கேலக்ஸியின் செம்பெயர்ச்சியை அறிய இரண்டு வழிகள்.

1. நிற மதிப்பீடு. பல வடிகட்டிகள் வழியாகப் படம் எடுக்கிறார்கள். ஆதிகாலத்தில் வெளியெங்கும் இருந்த ஹைட்ரஜன் 0.1216 மைக்ரானைவிடக் குறுகிய ஒளியை விழுங்கிவிடும். எனவே அந்தக் கேலக்ஸி ஓர் அலைநீளத்துக்குக் கீழே எல்லா வடிகட்டியிலும் காணாமல் போகும், அதற்கு மேலே திடீரென்று தெரியும். எந்த இடத்தில் மறைகிறது என்று பார்த்தால் எத்தனை மடங்கு நீண்டது என்று கணிக்கலாம். ஒரே படத்தில் ஆயிரக்கணக்கான கேலக்ஸிகளுக்கு இதைச் செய்யலாம். ஆனால் இது மதிப்பீடு.

2. நிறமாலை. ஒளியை முழுதாகப் பிரித்து, ஹைட்ரஜன், ஆக்சிஜன் போன்ற தனிமங்களின் கோடுகள் எங்கே விழுகின்றன என்று அளப்பது. வெப்பின் நிர்ஸ்பெக் கருவியில் இதற்காக ஏறத்தாழ 2.5 லட்சம் நுண்கதவுகள் இருக்கின்றன. வேண்டிய கேலக்ஸிக்கு நேரே உள்ளதைத் திறந்து மற்றதை மூடி, ஒரே நேரத்தில் பல கேலக்ஸிகளின் நிறமாலையை எடுக்கலாம். அதிக நேரம் பிடிக்கும், ஆனால் இதுதான் உறுதி.

வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் உதாரணம். 2022-ல் சீர்ஸ்-93316 என்ற கேலக்ஸி செம்பெயர்ச்சி 16-க்கு மேல், அதாவது பெருவெடிப்புக்கு 24 கோடி ஆண்டுக்குள் இருந்தது என்று நிற மதிப்பீட்டில் வந்தது. தலைப்புச் செய்தியானது. பிறகு நிறமாலை எடுத்தபோது செம்பெயர்ச்சி 4.9 என்று தெரிந்தது, பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 120 கோடி ஆண்டுகளுக்குப் பின். தூசியும், சில வடிகட்டிகளில் சரியாக விழுந்த ஹைட்ரஜன், ஆக்சிஜன் கோடுகளும் சேர்ந்து, மிகத் தொலைவான கேலக்ஸியின் நிறத்தை அச்சாகக் காட்டியிருந்தன. அதே ஆய்வில் பரிசோதிக்கப்பட்ட இன்னொன்று, மெய்ஸி கேலக்ஸி, உண்மையிலேயே தொலைவானது என்று உறுதியானது (செம்பெயர்ச்சி 11.4). அறிவியல் இப்படித்தான் நடக்க வேண்டும். வருத்தம் என்னவென்றால் முதல் செய்தியைப் படித்தவர்களில் எத்தனையோ பேருக்கு இரண்டாவது செய்தி போய்ச் சேரவே இல்லை.

நிறமாலையால் உறுதியானவற்றில் சொல்ல வேண்டியது ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0. 2024 மே மாதம் அறிவிக்கப்பட்டது, செம்பெயர்ச்சி 14-க்கு மேல், பெருவெடிப்புக்குப் பின் 30 கோடி ஆண்டுக்குள். 2025-ல் சிலி நாட்டிலுள்ள அல்மா தொலைநோக்கி வரிசை அதே கேலக்ஸியில் ஆக்சிஜனின் கோட்டைக் கண்டது. ஆக்சிஜன் பெருவெடிப்பில் உண்டாகாது, விண்மீனுக்குள் வெந்து, அது வெடித்த பிறகுதான் வெளியே வரும். ஆக, 30 கோடி ஆண்டு முடிவதற்குள் ஒரு தலைமுறை விண்மீன்கள் பிறந்து, வாழ்ந்து, செத்தும் போயிருந்தன. தூர சாதனைகளைவிட இந்த ஆக்சிஜன்தான் பெரிய செய்தி என்பது என் கருத்து. 2025-ல் மாம்-இசட்14 என்ற கேலக்ஸி 14.44 என்ற செம்பெயர்ச்சியோடு அந்தச் சாதனையை இன்னும் சற்றுத் தள்ளி வைத்தது.

## அப்படியானால் எது உடைந்தது

வெப்புக்கு முன்பு இருந்த மாதிரிகள் எதிர்பார்த்ததைவிட, ஆதிகாலத்தில் பளிச்சென்ற கேலக்ஸிகள் அதிகமாக இருக்கின்றன. இது நிறமாலையாலும் உறுதியான உண்மை, யாரும் மறுக்கவில்லை. ஆனால் "பளிச்சென்று இருக்கிறது" என்பதிலிருந்து "இவ்வளவு நிறை இருக்கிறது" என்பதற்குப் போவதற்கு நடுவில் பல அனுமானங்கள் இருக்கின்றன, சர்ச்சை முழுக்க அந்த நடுப்பகுதியில்தான்.

2023 பிப்ரவரியில் வெளியான ஒரு ஆய்வு, ஆறு கேலக்ஸிகள் அந்தக் காலத்துக்கு நம்ப முடியாத அளவு நிறை கொண்டவை என்றது. "பிரபஞ்சவியலே தப்பு" என்ற தலைப்புகளுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆனால் அவை நிற மதிப்பீட்டில் கிடைத்தவை. அவற்றில் ஒன்றுக்கு நிறமாலை எடுத்தபோது, நினைத்ததைவிட அருகில் இருந்தது, அதில் கருந்துளையின் அடையாளமும் தெரிந்தது. கருந்துளையைச் சுற்றிச் சுழலும் வாயுவின் ஒளியை விண்மீன் ஒளி என்று எடுத்துக்கொண்டால் நிறை தாறுமாறாகக் கூடிவிடும். 2024-ல் வந்த ஓர் ஆய்வு இப்படிப்பட்டவற்றை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டு, மிச்சம் உள்ளவை வழக்கமான பிரபஞ்சவியல் மாதிரிக்குள் அடங்குகின்றன, ஆனாலும் பெரிய கேலக்ஸிகளின் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கிறது என்றது.

அந்த மிச்சத்துக்கு முன்வைக்கப்படும் விளக்கங்கள்:

1. ஆதிகால வாயு அடர்த்தியாக இருந்ததால், விண்மீனாக மாறும் பங்கு இன்றைவிட அதிகம்.
2. விண்மீன்கள் சீராகப் பிறக்காமல் அலை அலையாகப் பிறந்தன. உச்சத்தில் இருக்கும் கேலக்ஸி மிகப் பிரகாசமாகத் தெரியும், நாம் பார்ப்பதும் அதைத்தான்.
3. தூசி குறைவு, ஒளி மறைக்கப்படாமல் வெளியே வருகிறது.
4. அப்போது பிறந்தவற்றில் பெரிய விண்மீன்களின் விகிதம் அதிகம், அதனால் குறைந்த நிறையிலேயே அதிக ஒளி.

ஒன்றுக்கு மேற்பட்டது சேர்ந்தும் இருக்கலாம். இவை எதற்கும் பெருவெடிப்பைக் கைவிட வேண்டியதில்லை, கேலக்ஸி உருவாகும் விதத்தைத்தான் திருத்த வேண்டும். 2,670 கோடி ஆண்டு என்ற கணக்கை எடுத்துக்கொண்டால், அது ஒளி பயணத்தில் களைத்துப்போகிறது (ஆற்றலை இழந்து சிவக்கிறது) என்ற பழைய யோசனையையும் இயற்பியல் மாறிலிகள் காலத்தோடு மாறும் என்ற யோசனையையும் சேர்த்துக்கொள்கிறது. ஒளி களைக்கிறது என்றால் தொலைதூரச் சூப்பர்நோவாக்கள் (வெடித்துச் சிதறும் விண்மீன்கள்) மெதுவாக மங்குவது போல் தெரியக் கூடாது, வெளி விரிந்தால்தான் அப்படித் தெரியும். ஆனால் செம்பெயர்ச்சி எவ்வளவோ அவ்வளவுக்கு அவை மெதுவாகத்தான் மங்குகின்றன, இது அளக்கப்பட்டது. ஒரு புதிரைத் தீர்க்கப் போய், ஏற்கெனவே நன்றாகப் பொருந்தும் பல அளவீடுகளைக் குலைக்கிற விளக்கத்தைப் பெரும்பாலான வானியலாளர்கள் ஏற்காததற்கு இதுதான் காரணம்.

## சிவப்புப் புள்ளிகளும் கருந்துளைகளும்

வெப் படங்களில் சின்னச் சின்னதாக, மிகச் செறிவாக, சிவப்பாக ஒரு வகைப் பொருள் ஏராளமாகத் தெரிகிறது. பெரும்பாலும் பெருவெடிப்புக்குப் பின் 60 கோடி முதல் 150 கோடி ஆண்டு வரை உள்ள காலத்தில். நிறமாலையில் ஹைட்ரஜன் கோடுகள் அகலமாக இருக்கின்றன, அதாவது வாயு நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் சுழல்கிறது. நடுவில் கருந்துளை இருப்பதன் அறிகுறி அது. ஆனால் கருந்துளை என்றால் எக்ஸ்-கதிர் வர வேண்டும், இவற்றில் பெரும்பாலானவற்றிலிருந்து அது வருவதே இல்லை. அடர்ந்த வாயு உறையொன்று கருந்துளையை மூடியிருக்கிறது, அந்த உறையே ஒரு பிரம்மாண்ட விண்மீன் போல ஒளிர்கிறது என்ற விளக்கம் இப்போது வலுப்பெற்றுவருகிறது. முடிவான பதில் இல்லை. இன்றைய வானியலில் இதைவிடச் சுவாரசியமான புதிர் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதோடு சேர்ந்தது கருந்துளைகளின் அவசரம். யுஹெச்இசட்1 என்ற கேலக்ஸியில், பெருவெடிப்புக்குப் பின் வெறும் 47 கோடி ஆண்டில், வளர்ந்துகொண்டிருக்கும் கருந்துளையைச் சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கி கண்டுபிடித்தது. அதன் நிறை, அந்தக் கேலக்ஸியிலுள்ள எல்லா விண்மீன்களின் நிறைக்கும் சமமாக இருக்கலாம். இன்றைய கேலக்ஸிகளில் இந்த விகிதம் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான். ஒரு விண்மீன் இடிந்து உருவாகும் சிறிய கருந்துளை அவ்வளவு குறுகிய காலத்தில் இந்த அளவுக்கு வளர்வது கடினம். விண்மீன் ஆகாமலேயே பெரிய வாயு மேகம் நேராகச் சரிந்து, சூரியனைப் போலப் பத்தாயிரம், லட்சம் மடங்கு நிறையோடு கருந்துளை பிறந்திருக்கலாம் என்ற கருத்துக்கு இது ஆதரவாக இருக்கிறது.

பிரபஞ்சம் விரியும் வேகத்தில் இரண்டு அளவீடுகள் ஒத்துப்போகாததையும் (ஒவ்வொரு 33 லட்சம் ஒளியாண்டுத் தூரத்துக்கும் நொடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கில், நுண்ணலைப் பின்னணியிலிருந்து 67, அருகிலுள்ள கேலக்ஸிகளின் விண்மீன்களிலிருந்து 73 என்ற அளவில்) சிலர் இதோடு கலந்து பேசுகிறார்கள். அது வேறு சிக்கல். ஆதிகாலக் கேலக்ஸிகள் பற்றிய செய்தியில் அது வந்தால் எழுதியவர் இரண்டைப் போட்டுக் குழப்புகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

## அடுத்த செய்தி வரும்போது பார்க்க வேண்டியவை

1. தூரம் நிற மதிப்பீடா, நிறமாலையால் உறுதியானதா? "வேட்பாளர் கேலக்ஸி" என்று எங்காவது இருந்தால் மதிப்பீடுதான்.
2. அளந்தது ஒளியா, நிறையா? நிறை என்றால் அதற்குள் அனுமானங்கள் இருக்கின்றன.
3. சவால் எதற்கு? கேலக்ஸி உருவாகும் மாதிரிக்கா, பிரபஞ்சம் விரிவதற்கா? அநேகமாக எல்லா நேரமும் முதலாவதற்கு.
4. எத்தனை பொருட்கள்? ஒன்றிரண்டை வைத்துப் பெரிய முடிவு எடுத்திருந்தால் பொறுத்திருந்து பார்க்கலாம்.

## இன்னும் கிடைக்காதது

முதல் தலைமுறை விண்மீன்கள். ஹைட்ரஜனும் ஹீலியமும் மட்டுமே கொண்டு, கனமான தனிமம் எதுவும் இல்லாமல் பிறந்தவை. கனத் தனிமங்கள் இல்லாவிட்டால் வாயு எளிதில் குளிராது, குளிராத வாயு சிறு துண்டுகளாக உடையாது, அதனால் அந்த விண்மீன்கள் மிகப் பெரியவையாக, மிகச் சூடானவையாக, குறுகிய ஆயுளோடு இருந்திருக்க வேண்டும். அவற்றின் அடையாளமும் தெரியும்: நிறமாலையில் ஹீலியத்தின் கோடு வலுவாக இருக்க வேண்டும், ஆக்சிஜன் கோடு இருக்கவே கூடாது. அப்படி இருக்கலாம் என்று சில பொருட்கள் முன்வைக்கப்பட்டுள்ளன, எதுவும் எல்லோரும் ஏற்கும்படி உறுதியாகவில்லை. மங்கலானவை என்பதால், நடுவில் ஒரு கேலக்ஸிக் கூட்டம் ஈர்ப்பு வில்லையாக நின்று ஒளியைப் பெருக்கிக் காட்டும் திசைகளில்தான் அதிகம் தேடுகிறார்கள். வெப் வெளியிட்ட முதல் ஆழ்படமும் அப்படியொரு கூட்டத்தின் வழியாக எடுத்ததுதான்.

வெப் ஆழமாகப் பார்க்கும், ஆனால் ஒரு நேரத்தில் வானத்தின் மிகச் சிறிய துணுக்கை மட்டும். அந்தக் குறையை நிரப்ப வேறு அகச்சிவப்புத் தொலைநோக்கிகள் இருக்கின்றன. 2023 ஜூலையில் ஏவப்பட்ட யூக்ளிட் வானத்தில் மூன்றில் ஒரு பங்கைப் படமெடுக்கிறது. 2025 மார்ச்சில் போன ஸ்ஃபியரெக்ஸ் முழு வானத்தையும் 102 அகச்சிவப்பு நிறங்களில் அளக்கிறது. 45 கோடிக்கும் அதிகமான கேலக்ஸிகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதிலிருந்து, பெருவெடிப்பின் முதல் கண நேரத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் அதிவேக விரிவைச் சோதிப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. நேராகப் பார்க்க முடியாத அந்தக் கட்டத்தின் தடயம் கேலக்ஸிகளின் பரவலில் மிச்சம் இருக்கும் என்பதால் இது சாத்தியம். நாசாவின் அடுத்த பெரிய தொலைநோக்கியான நான்சி கிரேஸ் ரோமனுக்கு ஹப்பிள் அளவே, 2.4 மீட்டர், கண்ணாடி; ஆனால் ஒரே படத்தில் ஹப்பிளைவிடக் குறைந்தது நூறு மடங்கு பரப்பை அடக்கும். பளிச்சென்ற ஆதிகாலக் கேலக்ஸிகள் எங்கும் ஒரே அளவில் இருக்கின்றனவா, அல்லது வெப் பார்த்த சில துணுக்குகளில் தற்செயலாக அதிகமா என்ற கேள்விக்கு அந்தப் பரப்பில் எண்ணிப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.